வேரில் பிறந்த சுங்கான்

புகை பிடிக்கும் கருவியைப் பற்றி நம் சங்கப் பத்திரிகையில் ஒரு கட்டுரையா என்று நேயர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்கள் சுளிப்பதிலும் நியாயம் உண்டு. புகையிலை உடலுக்குச் செய்யும் கேட்டினை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அப்பழக்கத்தைப் புகழ்ந்து பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நகரங்களில் 'பைப்' என்று வழங்கும் சுங்கானை, அதில் இட்டு எரிக்கும் புகையிலையிலிருந்து பிரித்தெடுத்து, ஒரு கைவினைப் பொருளாக மட்டும் சற்று நேரம் பார்ப்போம். உள்ளங்கையில் அடங்கும் அச்சிறு மரத்துண்டினுள் ஒரு செடியின் வாழ்வும், ஒரு மலையூரின் வரலாறும், ஊர்விட்டு ஊர் சென்று பிழைத்த தொழிலாளர் பலரின் கைத்திறனும் அடங்கியிருப்பது அப்போது புலனாகும். பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம்மவருக்கு அக்கதையில் சிந்திப்பதற்குச் சிறிது இருக்கிறது.

மண்ணும் நுரைக்கல்லும்

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16-ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பாவுக்கு வந்தது. இலை வந்தவுடன் அதை எரிப்பதற்கு ஒரு பாத்திரமும் தேவைப்பட்டது. முதலில் கைகொடுத்தது களிமண். இங்கிலாந்தில் பிராஸ்லி, ஹாலந்தில் கௌடா முதலிய ஊர்களில் வெண்களிமண்ணைக் குழாயாக உருட்டி, அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டு, இலட்சக்கணக்கில் விற்றார்கள். விலை மிகவும் மலிவு. ஆனால் ஆயுள் மிகவும் குறைவு. கை தவறினால் உடைந்துவிடும். சற்று வேகமாக இழுத்தால் விரலைச் சுடும். பழைய ஆங்கிலேய நகரங்களில் எங்கே தோண்டினாலும் அந்த உடைந்த குழாய்த் துண்டுகள் இன்றும் கிடைக்கின்றன.

செல்வர்கள் நாடியது 'மீர்ஷாம்' என்ற ஒருவகைக் கல். அச்சொல்லுக்குக் கடல்நுரை என்பது பொருள். துருக்கி நாட்டில் எஸ்கிஷெஹிர் என்ற ஊரைச் சுற்றியுள்ள பூமியிலிருந்து அதைத் தோண்டி எடுப்பார்கள். எடுக்கும்போது சோப்புக் கட்டியைப்போல் மிருதுவாக இருப்பதால், அதில் மனித முகங்களையும் விலங்குகளின் உருவங்களையும் செதுக்கலாம். வியன்னா நகரத்துச் சிற்பிகள் இவ்வேலையில் பெயர் பெற்றிருந்தனர். ஆயினும் அது ஏழை எளியவர் தொடக்கூடிய பொருளாக இல்லை. கீழே விழுந்தால் அதுவும் உடையும்.

மரம் உடையாதே, மரத்தில் செய்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். செய்துதான் பார்த்தார்கள். ஆனால் நெருப்பை வைப்பதற்கு மரத்தைத் தேடுவது, பாலை வைப்பதற்குப் பூனையைக் காவல் தேடுவதைப் போன்றது. பெரும்பாலான மரங்கள் உட்புறம் கருகின, வெடித்தன, அல்லது தம்முடைய பிசின் மணத்தைப் புகையில் ஏற்றின. தீயைத் தாங்கவேண்டும்; கைக்குச் சுடக்கூடாது; புகையில் உள்ள ஈரத்தைச் சிறிது உறிஞ்சவேண்டும்; துளைத்தால் பிளக்கக்கூடாது. இத்தனை குணங்களும் ஒருங்கே அமைந்த ஒரு மரம் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் தொழிலாளரின் கைக்கு வந்தது. அதுவும் மரத்தின் அடிமரத்திலோ கிளையிலோ கிடைக்கவில்லை, மண்ணுக்குள் மறைந்திருந்தது.

தீயை அறிந்த செடி

மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள வறண்ட கற்பாங்கான மலைச்சரிவுகளில் ஒரு புதர்ச்செடி வளர்கிறது. தாவர நூலார் அதற்கு 'எரிக்கா ஆர்போரியா' என்று பெயரிட்டிருக்கின்றனர். கார்ஸிகா, ஸார்டீனியா தீவுகளிலும், இத்தாலியின் தென்கோடியான கலாப்ரியாவிலும், கிரீஸிலும், அல்ஜீரியாவிலும் அது மிகுதி. வசந்த காலத்தில் மணி வடிவான சின்னஞ்சிறு வெண்பூக்கள் அதன் மேனி முழுவதும் பூத்து நிற்கும். நீலகிரிக்குச் சென்று வந்தவர்கள், சோலைகளின் ஓரத்தில் செந்நிறப் பூங்கொத்துகளுடன் நிற்கும் ரோடோடெண்ட்ரான் மரத்தைக் கண்டிருப்பார்கள். அதுவும் இந்த எரிக்காவும் தாவர இயலில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

பிரெஞ்சுக்காரர் இச்செடியைப் 'புரூயேர்' என்பார்கள். அச்சொல்லே ஆங்கிலேயர் வாயில் திரிந்து 'பிரையர்' ஆயிற்று. அதே ஒலியுடைய முட்செடி ஒன்று ஆங்கிலத்தில் இருப்பதால், பிரையர் சுங்கான் ரோஜாவின் வேரிலிருந்து செய்யப்படுகிறது என்று எண்ணுவோர் உண்டு. அது பெயரால் விளைந்த மயக்கமே.

மத்தியதரைப் பிரதேசத்தில் கோடை மிகவும் கடுமை. காட்டுத்தீ அங்கே அடிக்கடி நேரும் நிகழ்ச்சி. இச்செடி அத்தீயோடு வாழக் கற்றுக்கொண்டது. தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குள், உருண்டையான ஒரு கட்டை அதற்குத் திரண்டு வளர்கிறது. அடுத்த வாழ்வுக்கு வேண்டிய உணவையும், உறங்கும் மொட்டுகளையும் செடி அதற்குள் சேமித்து வைக்கிறது. மேலே தண்டும் தழையும் எரிந்து சாம்பலாகிவிட்டாலும், கீழே இந்த வேர்க்கட்டை சாவதில்லை. மழை விழுந்ததும் அதிலிருந்து புதிய தளிர்கள் கிளம்பிவிடும். ஆடுகள் மேய்ந்து அழித்தாலும் இவ்விதமே மீண்டும் துளிர்க்கும். அடர்த்தியும் உறுதியும் மிக்க இந்தக் கட்டையைத்தான் மனிதன் சுங்கானுக்குத் தேர்ந்தெடுத்தான். தீயிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செடி வளர்த்த உறுப்பே தீயை ஏந்தும் கிண்ணமாகிறது என்பது வியப்புக்குரிய பொருத்தம் அல்லவா?

பெயர்த்த பின்னர்

கட்டை பயன்படும் அளவுக்குப் பெருப்பதற்குப் பெரும்பாலும் 30 முதல் 60 ஆண்டுகள் வரை செல்லும். இலையுதிர் காலம் தொடங்கி வசந்தம் வரையில், குளிர்ந்த மாதங்களில் அதைத் தோண்டுவார்கள். கடப்பாரையும் கோடரியும் கொண்டு கற்களுக்கிடையிலிருந்து பெயர்த்து எடுக்கும் வேலை எளிதன்று. ஆனால் பெயர்ப்பதைவிடக் கடினமானது, பெயர்த்தபின் அதைக் காப்பாற்றுவது. வெயிலும் காற்றும் திடீரென்று பட்டால் கட்டை ஒரே நாளில் வெடித்து வீணாகிவிடும். ஆகையால் அதை ஈரமண்ணில் புதைத்தோ, ஈரச் சாக்கால் மூடியோ, அடிக்கடி நீர் தெளித்தோ வைப்பார்கள். மண்ணை விட்டு வந்தது மண்ணின் ஈரத்தை முற்றிலும் இழந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும்.

அடுத்தது அறுப்பு. வட்ட ரம்பத்தின் முன் உட்கார்ந்து, கட்டையைக் கையாலேயே பிடித்துத் திருப்பித் திருப்பி அறுக்கும் தொழிலாளி, எங்கே வெடிப்பு இருக்கிறது, எந்தப் பக்கம் இழை ஓடுகிறது என்பதைக் கண்ணாலேயே கணிக்கிறான். நடுவில் உள்ள செந்நிறப் பகுதி உதவாது, அதைக் கழித்துவிடுவான். எஞ்சிய பகுதியில் எத்தனை சுங்கான்களுக்கு இடம் இருக்கிறது என்பது அவனுடைய கண்ணையும் விரல்களையும் பொறுத்தது. அந்த விரல்களுக்கும் ரம்பத்தின் பல்லுக்கும் இடையே உள்ள தூரம் மிகவும் சிறிது. இத்தொழிலில் பழகியவர்கள் ஒவ்வொரு நாட்டிலும் சிலரே.

அறுத்த துண்டுகளைப் பெரிய செப்புக் கொப்பரைகளில் இட்டுப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவைப்பார்கள். மரத்தின் சாறும் துவர்ப்பும் நீரில் இறங்கிவிடும். இவ்வாறு அவித்த மரம் பின்னர் எளிதில் வெடிப்பதில்லை. இதன் பிறகு நிழலில், காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்திய அறைகளில், மாதக்கணக்கில் உலரவிடவேண்டும். பட்டறைக்கு வந்து சேர்ந்த பிறகும் நல்ல தொழிலாளி ஓராண்டோ இரண்டாண்டோ அதைப் பரணில் போட்டு வைப்பதுண்டு. இங்கே அவசரப்பட்டவன் பின்னால் வருந்துவான். ஊறுகாய்க்கும் மரத்துக்கும் காலம்தான் பக்குவம் தரும் என்பதை நம் வீட்டுப் பாட்டிமார்களிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

மூலப்பொருள் இல்லாத ஊரில் வளர்ந்த தொழில்

பிரையர் சுங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர், பிரான்ஸ் நாட்டின் கிழக்கெல்லையில் ஜூரா மலைகளுக்கிடையே இருக்கும் சேன் குளோத். பியென், தாக்கோன் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில், செங்குத்தான மலைச்சரிவில் அமைந்த சிறு நகரம் அது. இதில் விந்தை என்னவென்றால், எரிக்காச் செடி அந்தக் குளிர்ந்த மலைகளில் வளர்வதே இல்லை. மரம் முழுவதும் தெற்கேயிருந்து, கடல் கடந்தும் கூட, வரவேண்டும். புகையிலையும் அவ்வூர்ப் பயிரன்று. அப்படியிருக்கத் தொழில் அங்கே போய் வேரூன்றியது எப்படி?

விடை அவ்வூராரின் கைகளில் இருக்கிறது. புனித குளோத் என்ற ஞானியின் சமாதியைத் தரிசிக்க இடைக்காலத்திலிருந்தே யாத்திரிகர்கள் அவ்வூருக்கு வந்துகொண்டிருந்தனர். கோயிலைச் சுற்றிக் கடைகள் எழுவது எந்த நாட்டிலும் இயல்பு. மதுரையிலும் பழனியிலும் நாம் காண்பது போலவே அங்கும் யாத்திரிகர் வாங்கிச் செல்வதற்கு ஜெபமாலைகளும் சிறு உருவங்களும் மரத்தில் கடைந்து விற்றார்கள். ஜூராவில் பனிக்காலம் நீண்டது. வயலில் வேலையில்லாத அம்மாதங்களில் குடியானவர்கள் வீட்டிலிருந்தபடியே மரமும் கொம்பும் எலும்பும் கடைந்தார்கள். மலையிலிருந்து பாய்ந்துவரும் ஆற்று நீர் கடைசல் சக்கரங்களைச் சுழற்றியது. ஜெபமாலை கடைந்த கை பின்னர் மூக்குப்பொடி டப்பி கடைந்தது. சுங்கானுக்கு வாய்ப்பிடியும் மரக்குழாயும் செய்தது. 1850-களின் நடுவில் பிரையர் கட்டை அவ்வூருக்கு வந்தபோது, அதைக் கடைவதற்கு வேண்டிய கை பல தலைமுறைகளாகப் பழகித் தயாராக இருந்தது.

மரம் விளைந்த கார்ஸிகாவும் கலாப்ரியாவும் கட்டையை அறுத்து அனுப்பியதோடு பெரும்பாலும் நின்றுவிட்டன. மரமே விளையாத ஊர் உலகுக்குச் சுங்கான் செய்து தந்தது. ஒரு தொழிலுக்கு மூலப்பொருள் எது என்ற கேள்விக்கு, அதைச் செய்யப் பழகிய கையே என்று சேன் குளோத் பதில் சொல்கிறது.

கிண்ணமும் துளையும்

சுங்கானின் உறுப்புகள் மூன்று. புகையிலை இடும் கிண்ணம். அதனின்று நீளும் தண்டு. வாயில் வைக்கும் வாய்ப்பிடி. கிண்ணமும் தண்டும் ஒரே கட்டையால் ஆனவை. பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இந்த உருவத்தைச் செய்து முடிப்பதற்குள் ஒரு துண்டு பல கைகள் மாறுகிறது.

முதலில் உலர்ந்த துண்டுகளைப் பிரித்து வகைப்படுத்துவார்கள். பின்னர்க் கிண்ணத்தின் உட்குழியைக் கடைவார்கள். அடுத்துத் தண்டின் உருவம். அதன் பின் தண்டின் வழியாக ஒரு நுண்ணிய துளை இடவேண்டும். இந்தத் துளைதான் தொழிலாளியைச் சோதிப்பது. கிண்ணத்தின் அடிப்பகுதியில், சரியாக நடுவில், அது வந்து திறக்கவேண்டும். சிறிது மேலே திறந்தால் அடியில் உள்ள புகையிலை எரியாமல் ஈரமாகக் கிடக்கும். சிறிது ஒருபுறம் சாய்ந்தால் சுவர் மெலிந்து ஒருநாள் தீய்ந்துபோகும். துளையிடுபவனுக்கு உள்ளே நடப்பது தெரியாது. துறப்பணம் மரத்தில் ஏறும் ஓசையும் கையில் உணரும் அதிர்வுமே அவனுக்கு வழிகாட்டி.

வாய்ப்பிடியை ஒரு காலத்தில் கொம்பிலும் அம்பரிலும் செய்தார்கள். பின்னர் ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடேற்றி இறுகச்செய்த எபோனைட் வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகின் ரப்பரில் பெரும்பங்கை மலாயாத் தோட்டங்கள் தந்தன. அத்தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய கைகளில் மிகப் பல தமிழ்க் கைகள். லண்டன் கனவான் ஒருவர் பற்களுக்கிடையே கவ்விய கருநிற வாய்ப்பிடியில், அவர் பெயரும் அறியாத தஞ்சை, சேலம் மாவட்டத்து ஏழைகளின் உழைப்பும் கலந்திருக்கக்கூடும்.

வாய்ப்பிடியைத் தண்டின் துளையில் இடைவெளி தெரியாதபடி பொருத்தியபின், முரட்டு உப்புத்தாளில் தொடங்கி நயமான தாள் வரையில் தேய்ப்பார்கள். சாயம் ஏற்றுவார்கள். இறுதியில் பிரேஸில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து கிடைக்கும் கார்னோபா மெழுகைச் சுழலும் துணிச்சக்கரத்தில் தடவி மெருகிடுவார்கள். அப்போதுதான் மரத்தின் இழைகள் முழுமையாக வெளிப்படும். சிலவற்றில் அவை தீச்சுடர் போல மேலோக்கி ஓடும். சிலவற்றில் பறவையின் கண்களைப் போலச் சிறுசிறு வட்டங்களாகத் தெரியும். அறுபது ஆண்டுகள் மண்ணுக்குள் இருந்த கட்டை தன் உள்ளத்தை அந்தக் கணத்தில்தான் காட்டுகிறது.

மறைந்திருக்கும் குறை

அந்தக் கணம் மகிழ்ச்சிக்குரியதாக மட்டும் இருப்பதில்லை. கற்பாங்கான நிலத்தில் வளரும்போது கட்டை சிறு கற்களையும் மணலையும் தன்னுள் இறுக்கிக்கொண்டு வளர்கிறது. உள்ளே நுண்ணிய பள்ளங்களும் இருக்கும். இவற்றை முன்கூட்டிக் கண்டறிய வழியில்லை. கடைந்து, துளையிட்டு, தேய்த்து, எல்லாம் முடியும் தறுவாயில் கிண்ணத்தின் முகப்பிலேயே ஒரு கரும்புள்ளி தோன்றும். தேய்த்தால் போய்விடும் என்று தேய்ப்பான்; அது இன்னும் பெரிதாகும். ஒரு வாரத்து உழைப்பு அவன் கண்முன்னே மதிப்பிழக்கும்.

அவன் என்ன செய்வது? தச்சு வேலை அறிந்தவர்கள் உடனே சொல்வார்கள்: மக்கு வைத்து அடைத்துச் சாயம் பூசிவிடலாம். அவ்விதம் செய்வதும் உண்டு. மலிவு விலைச் சுங்கான்களில் மக்கு வைப்பது ஒரு குற்றமாகக் கருதப்படுவதில்லை; வாங்குபவரும் அறிந்தே வாங்குகிறார். ஆனால் அதையே முதல்தரம் என்று முதல்தர விலைக்கு விற்பது வேறு. ஆகவே பெயர் பெற்ற பட்டறைகள் தேர்வை இரக்கமின்றி நடத்தின. குறையுள்ளதைத் தங்கள் முத்திரை இல்லாமல் இரண்டாம் தரமென்று சொல்லியே விற்றன.

மூன்றாவது வழி ஒன்றும் பிறந்தது. லண்டனில் ஆல்பிரெட் டன்ஹில் என்பவர் 1907-ஆம் ஆண்டில் டியூக் தெருவில் புகையிலைக் கடை திறந்தார். சுங்கானின் மேற்பரப்பின் மீது மணலை வேகமாகப் பீச்சியடித்தால், இழைகளுக்கிடையே உள்ள மென்மையான பகுதி அரிக்கப்பட்டு, கடினமான வரைகள் மட்டும் சிப்பியின் முதுகைப்போல் எழுந்து நிற்கும். இம்முறைக்கு அவர் 1917-ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரம் கோரினார். மேற்பரப்பில் சிறு குறை இருந்த கட்டை இதனால் மறுவாழ்வு பெற்றது. குறையை மூடி மறைக்காமல், மரம் எவ்வாறு வளர்ந்ததோ அவ்வாறே அதன் வரைகளை வெளிக்காட்டியதால் கிடைத்த அழகு அது. பிற்காலத்தில் வழுவழுப்பான சுங்கானைவிட இதையே விரும்பி வாங்கியோரும் பலர்.

தொழிலாளர் கட்டிய மாளிகை

சேன் குளோத்தின் பட்டறைகளில் தூசி மிகுதி, கூலி குறைவு. அவ்வூர்த் தொழிலாளர்கள் தங்கள் வாழ்வை மேம்படுத்திக்கொள்ளக் கண்ட வழி கூட்டுறவு. 1881-ஆம் ஆண்டில் 'லா பிரதெர்நெல்', அதாவது 'சகோதரத்துவம்' என்ற பெயரில் ஒரு பண்டகசாலையைத் தொடங்கினார்கள். அரிசி பருப்பு விற்றுக் கிடைத்த இலாபத்தைப் பங்குதாரர்கள் ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக்கொள்வது பிற இடங்களில் வழக்கம். சேன் குளோத்தில் நாளடைவில் வேறு விதி ஏற்பட்டது. இலாபம் தனி மனிதருக்குச் சேராது. எல்லோருக்கும் பொதுவான காரியங்களுக்கே செல்லும். இக்கொள்கை கூட்டுறவு இயக்கத்தில் 'சேன் குளோத் மரபு' என்றே பெயர் பெற்றது.

அந்தப் பொது நிதியால் 1910-ஆம் ஆண்டில் 'மக்கள் மாளிகை' ஒன்று எழுந்தது. நாடக அரங்கு, நூலகம், அச்சுக்கூடம், சிற்றுண்டிச்சாலை யாவும் அதில் அமைந்தன. பகலெல்லாம் மரத்தூளில் நின்ற தொழிலாளி மாலையில் அங்கே நாடகம் பார்த்தான், புத்தகம் படித்தான். அக்கட்டடம் இன்றும் கலை நிகழ்ச்சிகளுக்கு உரிய இடமாக விளங்குகிறது. அயலூரில் வாடகை இடத்தில் தொடங்கி, மாதச் சந்தாவைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, நூலகமும் மேடையும் அமைக்க முயலும் தமிழ்ச் சங்கத்தார் எவரும் இச்செய்தியைப் படித்துவிட்டு எளிதில் கடந்து செல்லமாட்டார்கள்.

ஊர் மாறிய கைகள்

கை பழகியவனுக்கு எந்த ஊரும் சொந்த ஊராகும். சேன் குளோத்தில் சுங்கான் செய்துவந்த கோமுவா குடும்பத்தைச் சேர்ந்த ஆன்ரி கோமுவா 1879-ஆம் ஆண்டில் லண்டனுக்குக் குடியேறித் தொழில் தொடங்கினார். ஆங்கிலேயச் சுங்கான் என்று உலகம் பிற்காலத்தில் போற்றியதன் பின்னே இவ்வாறு ஒரு பிரெஞ்சு மலையூரின் கை இருந்தது. அயர்லாந்தின் டப்ளின் நகரில், ஜெர்மனியிலிருந்து வந்த காப் குடும்பத்தார் நடத்திய கடையில், லாட்வியாவிலிருந்து வந்த சார்ல்ஸ் பீட்டர்சன் சேர்ந்தார். புகையில் வரும் ஈரம் வாய்க்கு வராமல் தங்குவதற்குத் தண்டினுள் ஒரு சிறு குழி அமைத்து, 1890-ஆம் ஆண்டில் அதற்கு உரிமை பெற்றார். இன்று அயர்லாந்தின் பெருமைகளில் ஒன்றாகச் சொல்லப்படும் பீட்டர்சன் சுங்கானை உருவாக்கியவர்கள் இவ்விதம் வந்தேறிகளே.

இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்குக்குப் பிரையர் கட்டை வருவது நின்றது. பவுல் நீல்சன் என்பவர் 1942-ஆம் ஆண்டில் பீச் மரத்தைக் கொண்டு சுங்கான் செய்யத் தொடங்கினார். அமெரிக்காவில் மலை லாரல், மான்ஸனீட்டா முதலிய உள்நாட்டுச் செடிகளின் வேர்களைப் பயன்படுத்தினார்கள். போர் முடிந்து பிரையர் மீண்டும் கிடைத்ததும் இவை யாவும் கைவிடப்பட்டன. ஆனால் அந்நாட்களில் பழகிய கை வீணாகவில்லை. நீல்சன் நிறுவிய தொழிற்சாலை பின்னர் 'ஸ்டான்வெல்' என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது.

அத்தொழிற்சாலைக்குப் புதிய உருவங்களை வரைந்து தந்தவர்களில் ஸிக்ஸ்டன் ஐவர்ஸன் (1910–2001) முக்கியமானவர். ஸ்வீடனில் பிறந்து டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் வாழ்ந்தவர். உடைந்த சுங்கான்களைப் பழுது பார்ப்பவராகவே தொழிலுக்கு வந்தார். எது எங்கே உடையும், எந்த மூட்டு தளரும் என்பதைப் பிறர் செய்த பொருள்களின் காயங்களிலிருந்து கற்றார். முதலில் துளையிட்டுவிட்டு அதைச் சுற்றி உருவம் அமைப்பது அதுவரை இருந்த வழக்கம். ஐவர்ஸன் கட்டையின் இழை எப்பக்கம் ஓடுகிறதென்று பார்த்து, முதலில் உருவத்தைத் தேய்த்து எடுத்து, பிறகு துளையிட்டார். மரத்தின் போக்குக்கு உருவம் இணங்கியது. அவரிடம் கற்க ஜப்பானிலிருந்தும் மாணவர் வந்தனர்.

துப்பறிவாளரும் திருச்சிச் சுருட்டும்

சுங்கான் என்றதும் ஷெர்லக் ஹோம்ஸ் நினைவுக்கு வருவது இயல்பு. சுரைக்காய்க் குடுக்கையில் செய்த பெரிய வளைந்த சுங்கானோடு அவரைச் சித்திரிப்பது வழக்கமாகிவிட்டது. கானன் டாயில் எழுதிய கதைகளில் அந்தச் சுரைக்குடுக்கை இல்லவே இல்லை. களிமண், பிரையர், செர்ரிமரம் இவற்றால் ஆன சுங்கான்களே அங்கு வருகின்றன. வளைந்த சுங்கான் நாடக மேடையும் திரைப்படமும் கொடுத்த கொடை.

1893-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கதையில், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பிரையர் சுங்கானைக் கையில் எடுத்து, அதன் உரிமையாளரின் குணங்களை ஹோம்ஸ் வரிசையாகச் சொல்கிறார். அது இருமுறை உடைந்து, இருமுறையும் வெள்ளிப்பட்டை போட்டுச் சரிசெய்யப்பட்டிருந்தது. அந்தச் செலவுக்குப் புதிதாகவே ஒன்று வாங்கியிருக்கலாம். ஆகவே அவர் இதை மிகவும் நேசிக்கிறார் என்பது முடிவு. பழுது பார்த்துப் பயன்படுத்தும் பழக்கம் மறைந்துவரும் இக்காலத்தில் இச்சிறு குறிப்பு மனத்தில் தங்குகிறது.

அதே ஹோம்ஸ் தம் முதல் கதையில், தரையில் கிடந்த சாம்பலைக் கண்டு அது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று கூறுகிறார். திருச்சி உறையூரில் சுருட்டிய சுருட்டுகள் அந்நாளில் அவ்வளவு தொலைவு சென்றிருந்தன. 'செரூட்' என்ற ஆங்கிலச் சொல்லே நம் 'சுருட்டு' என்பதன் திரிபு. இலையைத் தரம் பிரித்து, நனைத்து, விரித்து, ஒரே அளவில் உருட்டும் உறையூர்க் கைகளும் சேன் குளோத்தின் கைகளும் வேறு வேறு மொழி பேசினாலும், ஒரே தொழிலின் இருவேறு எல்லைகளில் இருந்தவையே.

தொழில் தேய்ந்தது ஏன்?

இன்று சேன் குளோத்தில் சுங்கான் பட்டறைகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் செய்த வேலையை இன்று விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள் செய்கின்றனர். சிகரெட் வந்தது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் மருத்துவ அறிவு வளர்ந்தது. 1950-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால், பிராட்போர்டு ஹில் இருவரும் புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினர். 1964-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை வெளிவந்தது. சுங்கான் புகைப்பதால் உதட்டில் புற்றுநோய் விளையும் என்பதையும் அது குறிப்பிட்டது. சுங்கான் புகை தீங்கற்றது என்ற பழைய நம்பிக்கைக்கு இடமில்லாமல் போயிற்று. நம் நாட்டிலும் 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடித்தல் தடுக்கப்பட்டிருக்கிறது.

எனவே இத்தொழிலின் தேய்வைக் கண்டு முழு மனத்தோடு வருந்துவதற்கு இல்லை. ஒரு தலைவனின் தொண்டையைக் காப்பதைவிட ஓர் அழகிய மரக்கிண்ணம் பெரிதன்று. அவன் வீட்டில் அவனை நம்பி இருக்கும் மனைவி மக்களைக் கேட்டால் தெரியும். அதே சமயம், பொருள் தீயது என்பதனால் அதைச் செய்த கையும் தீயது என்று தள்ளிவிட முடியுமா? குறையை மறைக்காமல் சொன்ன நேர்மையும், ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பொறுமையும், இலாபத்தைப் பொதுவாக்கிய உள்ளமும் புகையோடு போகவேண்டியவை அல்ல.

இதற்கு விடையையும் அவ்வூரே கொடுத்திருக்கிறது. ஜெபமாலையிலிருந்து பொடி டப்பிக்கும், டப்பியிலிருந்து சுங்கானுக்கும் மாறிய சேன் குளோத்தின் கை, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வைரம் பட்டை தீட்டவும் பழகியது. பின்னர்ப் பிளாஸ்டிக் தொழிலுக்கும் சென்றது. இன்று அங்குள்ள பொருட்காட்சிச்சாலையில் சுங்கானும் வைரமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. 1966-ஆம் ஆண்டில் தொடங்கிய சுங்கான் வினைஞர் குழு ஒன்று பழைய தொழில்நுட்பத்தின் நினைவைப் போற்றி வருகிறது. லண்டன் டன்ஹில்லும் இதற்கு உதாரணமே. அவர் தந்தையார் குதிரைச் சேணம் செய்தவர். மோட்டார் வண்டி வந்ததும் மகன் மோட்டாருக்கு வேண்டிய தோல் சாமான்களுக்கு மாறினார். அங்கிருந்து சுங்கானுக்கு வந்தார். குதிரை போயிற்று; கை போகவில்லை.

நம் குடும்பங்களிலும் இதைக் காண்கிறோம். தறி நெய்த பாட்டனாரின் பேரன் இன்று பம்பாயில் இயந்திரம் ஓட்டுகிறான். பாத்திரம் வார்த்தவரின் மகள் டில்லியில் கணக்கு எழுதுகிறாள். பழைய பொருளை அவர்கள் கைவிட்டிருக்கலாம்; காலம் அவ்வாறு செய்வித்தது. ஆனால் அளவு தவறாத கண்ணையும், அரைகுறையாக விட மறுக்கும் மனத்தையும் வீட்டில் பெரியவர்கள் வேலை செய்வதைப் பார்த்துத்தான் அவர்கள் பெற்றார்கள். அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு எந்த ஊராக இருந்தாலும் பாதகமில்லை. பரணில் பாட்டனாரின் பழைய சுங்கான் ஒன்று கிடந்தால், அதில் புகையிலை இடவேண்டாம். துடைத்து, மெழுகு தடவி, பிள்ளைகளிடம் காட்டி, அதன் இழைகள் எவ்வாறு ஓடுகின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள்.